எழும்புகிற மாளிகை

“சார், மாளிகை இன்னிக்கும் மூணு மில்லிமீட்டர் எழும்பியிருக்கு!” என்றார் சர்வேயர்.

தலைமைப் பொறியாளருக்குத் தலைகால் புரியவில்லை. இருநூறு வருட மாளிகையை ஒட்டி மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டினால் சுவர் இறங்கிவிடும் என்று ஊரே பயமுறுத்தியது. இவரோ மாளிகை ஓரத்து மண்ணுக்குள் டன் கணக்கில் சிமெண்ட் கரைசலை ஏற்றினார். இறங்குவதாவது, மேலேயல்லவா வருகிறது!

“பள்ளத்தோட இந்தப் பக்கம், நம்ம ஆபீஸ் ஓரமா ஒண்ணும் செய்யலையே சார்?” என்று இழுத்தார் சர்வேயர்.

“இது போன வருஷம் நானே கட்டினதுய்யா. இதுக்கென்ன கேடு? பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடு.”

வாசலில் தச்சர் ஆபீஸ் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். கதவு நிலையில் இடிக்கிறதென்று இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறார்.

“அளக்கிற கருவியை எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் அவர்.

“இதோ, இந்த ஜன்னல்கிட்டதான். ஏசியில உக்காந்தே பாத்துக்கலாம்” என்றார் சர்வேயர்.

தச்சர் இழைப்புளியைப் பையில் போட்டார்.

“மாளிகை எழும்பல சார். நாமதான் இறங்கிட்டிருக்கோம். மிச்சத்தை வெளியே போய்ப் பேசலாம், வாங்க.”