சிமெண்ட் சோறு தின்னுமா

"தின்னுத் தொலையேன்டா!"

மேகலா தட்டை நாயின் மூக்கருகே தள்ளினாள்.

சிமெண்ட் சாம்பார் சாதத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு யாரோ எவரோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சிமெண்ட் என்பது நாயின் பெயர். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த அவள் புருஷன் பிரேம்குமாரின் பின்னாலேயே குட்டியாக ஓடிவந்து வீட்டில் ஒட்டிக்கொண்டது. நிறமும் அதே சாம்பல். பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் மொபட் நின்றது. பக்கத்துப் படியில் மாமனார் அய்யம்பெருமாள் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம், மடியில் காலிச் சாக்கு.

பேச்சு இதுதான். இன்றைக்கு மத்தியானம் அவர் கண்ணெதிரே நாய் சோறு தின்றால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் சாக்கில் கட்டி, சுண்ணாம்புக்கல் வெட்டும் மைன்ஸுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அங்கே ராப்பகலாக லாரி ஓடுகிறது. வீட்டு நாய் எத்தனை நாள் தாங்கும்?

எல்லாம் ஒரு எலும்பால் வந்த வினை.

புரட்டாசி பிறந்தால் அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. அய்யம்பெருமாள் போட்ட சட்டம். போன சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை படைத்து, கற்பூரம் காட்டுகிற நேரம் பார்த்து, சிமெண்ட் எங்கிருந்தோ ஒரு கோழிக்கால் எலும்பைக் கவ்விக்கொண்டு வந்தது. இலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வாலை ஆட்டியது. அதன் பங்குக்கு அதுவும் படைத்தது போலிருக்கிறது.

அன்றைக்கு மாமனார் ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும்.

"பல்லைப் பாரும்மா, ஒண்ணொண்ணும் ஆணி மாதிரி. சோறு திங்கவா சாமி இதை வச்சான்? இது மாமிசப் பிராணி. விரதம் இருக்கிற வூட்டுக்கு ஆவாது."

"கோரைப்பல்லு நமக்கும்தாங்க மாமா இருக்கு. நாம இருக்கலையா விரதம்?"



மேகலா அதோடும் விடவில்லை. போனில் ஒரு கால்நடை டாக்டர் பேசுவதைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினாள். நாய் ஓநாய் வம்சம்தான், பல்லும் அப்படித்தான், ஆனால் மனுஷனை ஒண்டி வாழ்ந்து வாழ்ந்து சோற்றையும் செரிக்கப் பழகிவிட்டது, இரண்டும் தின்னும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அய்யம்பெருமாள் முழுசாகக் கேட்டுவிட்டு, அது அந்த டாக்டர் வீட்டு நாய்க்கு என்று எழுந்து போய்விட்டார்.

டாக்டர் எதற்கு? மூன்று வருஷமாக இந்த நாய் தின்னாததா? பழைய சோறு, இட்லி, தயிர் சாதம், போன பொங்கலுக்கு ஒரு சட்டி பூசணிக்காய்க் கூட்டு. இந்த மாசம் மட்டும் மகாராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் உடம்பு துளி இளைக்கவில்லை.

மேகலாவே கருவாட்டுக் குழம்பை நினைத்து நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு, தினம் கத்தரிக்காயோடு மல்லுக்கட்டுகிறாள். ஒரு நாய்க்கு என்ன இவ்வளவு வீம்பு?

நெய் ஊற்றிப் பிசைந்து பார்த்தாள். உருட்டி வாயில் திணித்தாள். சிமெண்ட் மரியாதைக்கு ஒரு நிமிஷம் வாயில் வைத்திருந்து, அவள் காலடியிலேயே துப்பியது.

இதற்காக எவ்வளவு வாதாடினாள்! தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் ஜென்மத்தை யார்தான் காப்பாற்ற முடியும்?

"பாத்தியா? நான் சொன்னா யாரு கேக்கறீங்க?" அய்யம்பெருமாள் சாக்கை உதறினார்.

சிமெண்ட் எழுந்தது.

ஓடவில்லை. தட்டைத் தாண்டி நேராக அவரிடம் போனது. எதிரே சப்பணமிட்டாற்போல் உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால்மேல் வைத்தது. வலது கையை மூக்கால் நெம்பி நெம்பி விரல்களை நக்கியது.

மேகலாவிடம் அது இப்படிச் செய்ததே இல்லை. பிரேம்குமாரிடமும் இல்லை.

"அட, போடா அந்தாண்ட. இப்பத்தானடா தின்ன?" என்றார் அய்யம்பெருமாள், செல்லமாக, பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

மேகலா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாக்கைப் பார்த்தார்.

தினமும் காலையில் கோயிலுக்கென்று அவர் மொபட்டில் கிளம்புவதும், பின்னாலேயே இது ஓடுவதும், இரண்டு பேரும் வெயில் ஏறித் திரும்புவதும் அவளுக்குத் தெரியும். கூடவே போய் அவர் போட்ட எலும்பைத் தின்றதற்கு இந்தத் தண்டனை இல்லை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குத்தான்.

அய்யம்பெருமாள் சாக்கை நான்காக மடித்தார்.

"கெடந்துட்டுப் போவுது. வாயில்லா சீவன்."

மேகலாவுக்குக் கேள்வி வாய்வரைக்கும் வந்தது. ஒரு மாசக் கத்தரிக்காயும் சேர்ந்து வந்தது. விழுங்கிக்கொண்டு, தட்டைக் கையில் எடுத்தாள்.

"நீங்களாவது வந்து சாப்புடுங்க மாமா. சாம்பார் ஆறிப்போவுது."

அவர் எழுந்து போய், சுத்தமாக இருந்த மொபட் சீட்டைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கும் பசிக்கலம்மா."