லைனில் யார்?

“யோவ், கைய எறக்குய்யா. மேடை மறைக்குது.”

பின்னாலிருந்து குரல் வந்தது. தளவாய் கையை இறக்கவில்லை. செல்போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டியபடியே நின்றான்.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் ஆர்கெஸ்ட்ரா. குத்துப்பாட்டு முடிந்து, டிவி சீரியல் டைட்டில் பாட்டு ஆரம்பித்திருந்தது. ஆடிக் களைத்த கம்பெனிப் பையன்கள் யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தளவாய் மட்டும் உட்காரவில்லை.

முன்வரிசை நாற்காலியிலிருந்து சுப்பிரமணி திரும்பிப் பார்த்தார். ஒரகடத்தில் அவர் வீட்டு மாடி ரூமில்தான் தளவாய் வாடகைக்கு இருக்கிறான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

“உன் வூட்ல கீற பையன்தானே?” என்றார் பக்கத்திலிருந்த பாண்டுரங்கன். “எவளுக்கோ போன்ல பாட்டு காட்டிகினு கீறான் பாரு.”

சுப்பிரமணிக்கு மானம் போயிற்று. எழுந்து போனார்.

“இன்னாடா இது?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பாட்டு கேக்காவ.”

“யாரு?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ.”

“பொண்ணா?”

தளவாய் கொஞ்சம் யோசித்தான். “ஆம்பளை இல்ல அண்ணாச்சி.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“குடும்பம் இருக்கிற வூட்ல ரூம் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளைக்கே காலி பண்ணு.”

“பண்ணிருதேன். இந்தப் பாட்டு மட்டும் முடியட்டும்.”

“உன்னை இன்னா கேக்கறது? அது யாரு பெத்த பொண்ணுன்னு அதையே கேட்டுக்கறேன்.”

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

“தம்பி, பாட்டு நின்னுபோச்சே,” என்றது குரல். “அந்த மனுசன் பாத்துட்டாரா? நான்தான்னு சொல்லிடாத. நானும் வர்றேன்னு ஆசையாத்தான் கேட்டேன். பொம்பளைக்கு இன்னா ஆர்கெஸ்ட்ரா, வூட்டப் பாத்துகினு கெடன்னு சொல்லிட்டாரு. ஒனக்கும் கை வலிக்கும். இன்னும் ஒரு பாட்டு போதும்பா.”

சுப்பிரமணி போனைக் காதிலிருந்து எடுத்தார். கட் பண்ணவில்லை. மெதுவாகக் கையை உயர்த்தி ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார்.

“யோவ் பெருசு, நீயுமா?” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

பாண்டுரங்கன் வேகமாக எழுந்து வந்தார்.

“யார் பொண்ணுன்னு தெரிஞ்சுதா? சொல்லு, அப்பனைக் கூப்ட்டு விசாரிச்சுடலாம்.”

“அவரு செத்து ரொம்ப வருசமாச்சு,” என்றார் சுப்பிரமணி, கையை இறக்காமல். “என் மாமனாரு.”