முந்நூறு அடிக்குக் கீழே

இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் கரும்பு. இரண்டு வயலிலும் ஆழ்துளைக் கிணறு உண்டு. உள்ளே ஆளுக்கொரு மோட்டார்.

தண்ணீர் குறையும்போதெல்லாம் நெல் போட்டவர் இன்னொரு குழாயைச் சேர்த்துத் தன் மோட்டாரைக் கீழே இறக்குவார். மறுவாரமே கரும்பு போட்டவரும் இறக்குவார். முந்நூறு அடிக்கு வந்தபோது, பாறை இடுக்கு வழியாக நெல் மோட்டாருக்கு ஓர் உறுமல் கேட்டது.

"யாரப்பா அது, என் தண்ணீரில்?"

"நான் எங்கள் நாட்டுத் தண்ணீரை அல்லவா எடுக்கிறேன்," என்றது கரும்பு மோட்டார்.

"அப்படியா? வேலி எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்."

கரும்பு மோட்டார் சுற்றிலும் தேடியது. "இங்கே வேலியே காணோமே."

தண்ணீர் இரண்டுக்கும் கழுத்தளவுதான் இருந்தது.

"மேலே சொல்லிவிடலாமா?"

"தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சலில் அவர்களுக்கு எது காதில் விழும்?"

"அப்படியானால் நிறுத்திப் பார்ப்போம். நீ முதலில் நிறுத்து."

"நான் நிறுத்தினால் மிச்சத்தையும் நீ உறிஞ்சிவிடுவாய்."

"உன்மேல் எனக்கும் அதே சந்தேகம்தான். சேர்ந்தே நிற்போம்."

இரண்டும் நின்றன.

மேலே இரைச்சல் அடங்கியது. நெல் போட்டவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து தட்டிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. வேலி போட்ட நாளிலிருந்து அந்தப் பக்கத்தாரிடம் வாய் திறக்காத நெல் போட்டவர், கம்பியருகே போய் நின்றார்.

"உங்களுக்கும் நின்றுபோச்சா?"