எல்லாவற்றுக்கும் சரி

வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்றால் கட்டுப்படியாகாது, இருபத்தைந்தாயிரம் வேண்டும் என்றான் மதியழகன்.

"சரி சார், போட்டுடலாம்" என்றான் எதிரே இருந்த சேல்ஸ்மேன் ஜெபசீலன்.

மதியழகன் மணியைப் பார்த்தான்.

மேடவாக்கத்தில் அந்தக் கார் ஷோரூமுக்கு வந்து உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. எலெக்ட்ரிக் கார், மூன்று வருஷ லீஸ், ஓட்டும் தூரத்துக்கு வரம்பு வைத்த வாடகை. நாவலூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பேரில் வண்டி வரும். மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வேலை செவ்வாய்க்கிழமை போய்விட்டது. பத்து நிமிஷ வீடியோ கால், அவ்வளவுதான். இன்று வெள்ளி. மனைவி நிஷாவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள், ஷோரூம்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கிலோ மைசூர்பாகை மடியில் வைத்துக்கொண்டு. கார் வரும் சேதி சேலையூரில் அவர்களுடைய அபார்ட்மெண்ட் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவளும் அவள்தான்.

ஆகவே மதியழகன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். கொடுக்கவே முடியாததாகப் பார்த்துக் கேட்பது. அவர்கள் முடியாது என்பார்கள். ரோஷப்பட்டு எழுந்து வந்துவிடலாம். அது பலிக்காவிட்டாலும் பத்தரை வரை இழுத்தால் போதும். ராகு காலத்தில் கையெழுத்துப் போட நிஷா விடமாட்டாள்.

கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட பேரம் பேசாதவன் அவன். தாம்பரம் மார்க்கெட்டில் தலையில் கட்டிய அழுகல் தக்காளியைச் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தவன். அப்படிப்பட்டவன் இன்று மாதத் தவணையில் எட்டாயிரத்தைக் குறைக்கச் சொன்னான். ஜெபசீலன் கால்குலேட்டரைக்கூடத் தொடாமல் குறைத்தான். வீட்டில் சார்ஜர் இலவசமாக மாட்டித் தர வேண்டும் என்றான். சரி. டயர் தேய்ந்தால் அவர்கள் செலவு என்றான். அதுவும் சரி. பாதியில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் கூடாது என்பதை மட்டும் நிஷா பக்கம் பார்க்காமல் சொன்னான். ஜெபசீலன் தலையை ஆட்டி அதையும் எழுதிக்கொண்டான்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இவன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று எரிச்சலாக வந்தது.

நிஷா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை அவனுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை.

மணி பத்து இருபது. வெள்ளை வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் எழுந்து போனாள்.

அவள் கார் கதவைச் சாத்தும்வரை ஜெபசீலன் காத்திருந்தான். பிறகு லேப்டாப்பை மதியழகன் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"காலைலயே உங்க கம்பெனிலேர்ந்து மெயில் வந்துடுச்சு சார், லீஸ் கேன்சல்னு. நீங்க மேடத்தோட ஸ்வீட் பாக்ஸும் கையுமா வந்து நின்னீங்க. சொல்ல மனசு வரல. எப்படியும் வராத வண்டி, அதான் கேட்டதுக்கெல்லாம் சரின்னேன்."

மதியழகன் திரையைப் பார்த்தான். அவன் பெயர், அவன் எம்ப்ளாயீ நம்பர், கீழே இரண்டே வரி.

வேண்டுமானால் வண்டி கிடைக்கவில்லை என்று திங்கட்கிழமை தானே மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுவதாக ஜெபசீலன் மெல்லச் சொன்னான். திட்டு தனக்கு விழட்டும், பரவாயில்லை என்றான்.

மதியழகன் பதில் சொல்வதற்குள் நிஷா திரும்பி வந்துவிட்டாள். மேஜைமேல் இருந்த தாளில் அடித்து அடித்துக் குறைத்து எழுதியிருந்த தொகைகளைக் குனிந்து பார்த்தாள். பெருமை தாங்காமல் அவன் தோளில் தட்டினாள்.

"போதும், இதோட விட்டுடுங்க. பாவம், உங்களால அவர் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுது."

ஜெபசீலன் லேப்டாப்பை மூடிவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனான்.

மதியழகன் பேனாவை மூடி வைத்தான். பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அவளை உட்காரச் சொன்னான்.