பெரிய கைக்கு வாங்குன பிடி

"மெதுவா, மெதுவா! இடது பக்கம் போ. இடதுன்னா டிவியில தெரியுற இடது!"

"தெரியுதுங்க. நான் என்ன இன்னைக்குத்தான் முதமுதலா கத்தியைப் பிடிக்கிறேனா?"

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமே முதுகெலும்பு டாக்டருங்க. கார்ல போறப்ப எப்படியோ ஆபரேஷன் ரூம்லயும் அப்படியேதான். அந்தம்மா ஓட்டுவாங்க, இவரு இல்லாத பிரேக்கை மிதிப்பாரு.

"சிஸ்டர், அந்த டிவியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா. ஒண்ணும் தெரியல."

"நீங்க பாக்கலைன்னு இங்க யாரு அழுதா?"ன்னு அந்தம்மா முணுமுணுத்தாங்க. சிஸ்டர் மாஸ்க்குக்குள்ள சிரிச்சிருச்சு.

முதுகுல பென்சில் நுழையுற அளவுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒரு குழாய். குழாய்க்குள்ள கேமராவும், கிளி மூக்கு மாதிரி ஒரு குட்டி அலகும். உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பைப் போட்டு நெரிக்குது. அதைக் கவ்வி எடுத்துட்டா செத்துக் கிடக்குற வலது காலுக்கு உசிரு வரும். கை தவறி நரம்பைக் கவ்விட்டா, ஆயுசுக்கும் அந்தக் காலை இழுத்துக்கிட்டேதான் நடக்கணும்.

இதுல அந்த அலகை ஆட்டுற பிடி இருக்கே, அதுதான் வில்லங்கம். பழைய பிடியில விசையை அமுக்குனா கவ்வும். இந்தப் புதுசுல அமுக்குனா வாயைத் திறக்கும், விட்டா டபக்குன்னு கவ்வும். அந்த விசையும் எங்கயோ தள்ளி இருக்கு. அந்தம்மாவுக்கு விரல் நுனிதான் எட்டுது.

"வாங்குறப்பவே சொன்னேன், என் கைக்கு எட்டலைன்னு. கேட்டீங்களா?"

"என் கைக்குப் பாந்தமா இருந்துச்சு, வாங்குனேன். இப்ப அந்தப் பஞ்சாயத்து வேணாம். இன்னும் கொஞ்சம் உள்ள போ."

"அவ்வளவு அக்கறைன்னா நீங்களே வந்து பண்ணுங்களேன்!"

சிஸ்டருக்கு மறுபடி சிரிப்பு வந்துச்சு. ஆனா சிரிக்க முடியல, டிவி முழுக்க செவசெவன்னு ஆயிருச்சு. ரத்தம். அலகு எங்க, ஜவ்வு எங்கன்னு ஒரு மண்ணும் தெரியல.

"ஐயோ!"ன்னு கத்துனாரு அவரு. "நிறுத்து, நிறுத்து! நரம்புல நிக்கிற!"

"படமே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டி! சொன்னாக் கேளு!"

அந்தம்மா அப்படியே சிலை மாதிரி நின்னுட்டாங்க. திறந்த அலகுக்கு நடுவுல நரம்பு. விசையை விட்டா கடிச்சிரும். விடாம பின்னால இழுக்கணும். விரலோ நழுவுது.

"சிஸ்டர், என் விரல் மேல உன் விரலை வை. அமுக்கு. விட்டுறாத தாயி."

சிஸ்டர் அமுக்குச்சு. அந்தம்மா மூச்சு விடாம, நூல் நூலா பின்னால இழுத்தாங்க. தண்ணி பாய்ச்சினதும் படம் தெளிஞ்சுது. வெள்ளை வெளேர்னு நரம்பு, ஒரு கீறல்கூட இல்ல. பக்கத்துலயே ஜவ்வு. ஒரே கவ்வு, வெளிய வந்துருச்சு.

இவ்வளவு நேரம் பேசுன மனுசன் இப்ப வாயைத் திறக்கல. அதுதான் அந்தம்மாவுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

"எங்க, வலது கால் கட்டை விரலை ஆட்டுங்க பாப்போம்."

அந்தம்மா கண்ணு அந்தத் துளையை விட்டு நகரல.

"என்னங்க, ஆட்டுங்களேன்!"ன்னாங்க மறுபடியும்.

முதுகு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, பச்சைத் துணிக்கடியில முழிச்சபடியே ஒருக்களிச்சுப் படுத்திருந்த புருஷன் சொன்னாரு: "ஆட்டிக்கிட்டேதான்டி இருக்கேன், முதுகையே பாத்துக்கிட்டு நிக்காம இந்தப் பக்கம் வந்து பாரு!"