மூடக்கூடாத லேப்டாப்

"இரண்டு யுகங்கள் இன்று கைகோத்துவிட்டன!" என்று குத்துவிளக்கேற்றிய கையோடு நிர்வாக இயக்குநர் முழங்கினார். கம்பெனியின் பழைய சர்வருக்கு வரும் ஆர்டர்கள் இனி தாமாகவே கிளவுடுக்குப் போய்விடுமாம். உண்மையில் அவை போனதெல்லாம் கணினிப் பிரிவு ஊழியன் தணிகைவேலின் லேப்டாப் வழியாகத்தான். தற்காலிக ஏற்பாடு என்று போன தீபாவளிக்குச் செய்தது. மூடினால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், பஸ்ஸிலும் கழிப்பறையிலும்கூட அதைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு திரிந்தான். இப்போதும் முதல் வரிசையில், மடியில் திறந்துதான் இருந்தது.

இயக்குநர் பார்த்துவிட்டார். "விழாவுலயுமா வேலை? மூடி வைப்பா!"

"சார், இதை மூடினா..."

"என்ன பொறுப்பு பாருங்க!" என்று அவரே இறங்கி வந்து செல்லமாக மூடினார். ஒரே கைதட்டல். மேடைத் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்கள் அப்படியே நின்றன. தணிகைவேல் எழுந்து, பல மாதங்களுக்குப் பிறகு வெறுங்கையோடு கழிப்பறைக்குப் போனான்.