சானமாவில் நின்ற பயணம்

சானமாவு காட்டுச் சாலையில் யானைகள் நிற்பதால் இரண்டு மணி நேரமாக வண்டிகள் நகரவில்லை. முதல் வரிசையில் பைக்கின் மேல் பவுலினா, முதுகில் புதுப் பை. மூன்று வருடம் கெஞ்சிக் கம்பெனியில் வாங்கிய லீவில், கம்போடியாவின் கோயில் ஊர்களைப் பைக்கிலும் படகிலும் தனியாகச் சுற்றக் கிளம்பியவள். "அண்ணா, ஓரமா போயிடறேன். ஃப்ளைட்டு போயிடும்." "குட்டியோட நிக்குதும்மா, எப்படி உட்றது?" என்கிறார் வனக்காவலர். மூங்கில் முறியும் சத்தம் கேட்கிறது. வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிறது. பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானத்துக்குச் செக்-இன் நேரம் முடிந்துவிட்டதாகக் கைபேசியில் செய்தி வருகிறது. அப்போதுதான் யானைகள் சாலையைக் கடக்கின்றன. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவள் தார்ச்சாலையையே பார்க்கிறாள். "இப்ப போம்மா," என்கிறார் காவலர். பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. பெங்களூருக்குப் போகும் ஓசூர் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று தெரியாமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே உட்கார்ந்திருக்கிறாள்.